சோலைக்கிளிக்காக மரக்கன்று நடலாமா?

வேளச்சேரிவாசி:
கடந்த மே மாதம் கொடைக்கானலில், விடியுமுன் ஓடையோரச் சோலைக்குள் ஒரு சிறு பறவை நெடுநேரம் பாடிக்கொண்டிருந்தது. அது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி என்று உடன் வந்தவர் சொன்னார்; பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி அல்லவாம். பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் இடைப்பட்ட உயர்மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை என்று அறிந்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. எங்கள் குடியிருப்பில் பணம் திரட்டிப் கொடைக்கானல் அமைந்த பழனி மலைத்தொடரில் ஆயிரம் மரக்கன்றுகள் நட எண்ணுகிறோம். இது சரியான வழிதானா?

தாம்பரத்து நண்பர்:
தயவுசெய்து சற்றுப் பொறுங்கள். அந்த மலைக்குப் பெருங்கேடு வந்ததே பொருந்தாத மரங்களை நட்டதால்தான். மலைமடிப்புகளில் சோலை எனப்படும் குட்டையான பசுமைக்காடும் அதைச் சுற்றிப் புல்வெளியுமாக இருந்த நிலத்தில், புல்வெளியைத் தரிசு என்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும், அத்துடன் தைலமரத்தையும் பைனையும் வளர்த்தார்கள். 1973 முதல் 2014 வரை பழனி மலையின் புல்வெளியில் 66 விழுக்காடும், சோலையில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகவும் மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டுகிறது. சோலைக்கிளியோ, சோலையின் ஈரத் தரையில் பூச்சி தேடி, மரப்பொந்திலோ ஓடைக்கரை மண்சரிவிலோ கூடு வைக்கும் பறவை. புல்வெளியில் நட்ட ஆயிரம் கன்றுகள் அதற்கு வீடாகா.

வேளச்சேரிவாசி:
அப்படியானால் சீகையை வெட்ட உதவலாமா? அல்லது வண்டலூரில் வளர்த்துப் பெருக்க முடியாதா?

அடையாற்றிலிருந்து:
வெட்டுவதிலும் கவனம் வேண்டும் ஐயா. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், ஒரேயடியாக வெட்டினால் வெயில் பட்டு அடர்த்தியாக முளைத்துவிடும். முதிர்ந்த தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே வளர்ந்து வரும் இடங்களை அப்படியே விடுவதுதான் நல்லது. புல்வெளிக்குள் புதிதாகப் பரவும் இளஞ்சீகையை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்குவதற்கு வனத்துறையின் அனுமதியும் உள்ளூர்க்காரர்களுக்குக் கூலியும் தேவை. உங்கள் பணம் அங்கே பயன்படும்.

கூண்டில் பெருக்கினாலும், விடுவதற்குச் சோலை வேண்டுமே. நீலகிரியில் விடலாம் என்றும் நினைக்க முடியாது. அங்கிருப்பது வேறு இனம். அகத்தியமலைப் பக்கத்துப் பறவையையும் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு தனி இனமாகப் பிரித்தது. கணவாயைக் கடந்து பறந்து கலக்காத பறவை என்பதால், ஒரு மலையில் அழிந்தால் அடுத்த மலையிலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

இன்னொன்று: அடுத்த முறை போகும்போது அதன் பாட்டைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூடு வைக்கும் காலத்தில் தன் இடத்துக்குப் போட்டியாக வேறொரு சோலைக்கிளி வந்துவிட்டதென்று எண்ணி, குஞ்சுகளை விட்டுவிட்டு அது அந்த ஒலியைத் தேடி அலையும்.