கொட்டைப்பாக்கு கனமுள்ள விதை மேட்டில் எப்படி ஏறியது?

பொள்ளாச்சிக்காரன்:
போன மாதம் வால்பாறைப் பக்கம் ஒரு சோலைக்குள் வழிகாட்டியோடு நடந்தோம். ஒரு காட்டு ஜாதிக்காய் மரத்தடியில் விதை கொட்டிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பூச்சி துளைத்தவை. விரல் உயரத்தில் நிறையக் கன்றுகள் இருந்தன, ஆனால் முழங்கால் உயரத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து முந்நூறு அடி மேலே, நல்ல ஏற்றத்தில், என்னைவிட உயரமாக அதே இனத்தில் ஒரு இளமரம் தனியாக நிற்கிறது. சுற்றி வேறு ஜாதிக்காய் மரமே கிடையாது. கொட்டைப்பாக்கு அளவு கனமான விதை மேட்டில் தானாக உருண்டு ஏறாது. எருக்கும் இலவமும் காற்றில் பறக்கும் என்று பள்ளியில் படித்ததோடு சரி. அந்தச் சோலைக்குள் ஒரு இலைகூட அசையவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அன்றிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது.

மழைக்காடு:
நீங்கள் பார்த்த துளை விழுந்த விதைகளில்தான் பாதி பதில் இருக்கிறது. தாய்மரத்தடியில் ஒரே இடத்தில் ஆயிரம் விதை விழும்போது அதைத் தின்கிற வண்டுக்கும் அழுகவைக்கிற பூஞ்சைக்கும் அது பந்தி போட்ட மாதிரி. அந்த மரத்தின் விதையை மட்டுமே நம்பி வாழும் பூச்சிகள் அங்கேயே குடியிருக்கும். 1970-இல் டேனியல் ஜான்சன் என்பவர் மத்திய அமெரிக்கக் காடுகளை வைத்தும், 1971-இல் ஜோசப் கானல் ஆஸ்திரேலிய மழைக்காடுகளை வைத்தும் தனித்தனியாக ஏறத்தாழ இதையேதான் சொன்னார்கள்: தாயை விட்டுத் தள்ளிப் போகும் விதைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மழைக்காட்டில் ஒரே இனம் கூட்டமாக நிற்காமல் இத்தனை இனங்கள் கலந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம்.

அப்புறம் தூக்கிப்போனது யார்? என் ஊகம் இருவாச்சி, பெரிய அலகுள்ள அந்தக் காட்டுப்பறவை. காட்டு ஜாதிக்காய் வெடித்ததும் உள்ளே சிவப்பாகப் பத்திரி என்கிற சதையுறை சுற்றிய விதை தெரியும் இல்லையா, அந்தப் பத்திரிக்காகவே அது விதையை விழுங்குகிறது. ஒரே நேரத்தில் பல பழங்களைத் தொண்டையில் சேர்த்துக்கொண்டு பறந்துபோய், வேறு மரத்தில் உட்கார்ந்து, சதை கரைந்த பிறகு கொட்டையை ஒவ்வொன்றாக வாயாலேயே கக்கிவிடும். விதைக்குச் சேதம் இல்லை. கூடு கட்டும் காலத்தில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், ஆண்தான் மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். அப்படி ஒரு கூட்டு மரத்தின் அடியில் போய்ப் பாருங்கள், பத்து வகைக் கொட்டைகள் குவிந்து கிடக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருவாச்சி என்றாலே தனி மரியாதை. கேரளத்தில் வாழச்சால் பகுதியில் காடர் மக்கள் வனத்துறையோடு சேர்ந்து அந்தக் கூடுகளைக் காக்கிறார்கள், அது பறவையை மட்டும் காக்கிற வேலை இல்லை.

தேயிலைமேடு:
மரநாயை மறந்துவிட்டீர்களே! எங்கள் பக்கம் விடியற்காலையில் பாறை மேலும் விழுந்து கிடக்கும் கட்டை மேலும் அதன் எச்சம் கிடக்கும், உள்ளே காப்பிக்கொட்டையும் கூந்தல்பனை விதையும் முழுசாக இருக்கும். பலா பழுக்கிற காலத்தில் யானைச் சாணத்தில் பலாக்கொட்டை முளைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். கோபுரத்தில் அரசங்கன்று முளைப்பதும் இதே கதைதான், பறவை எச்சம். காட்டில் அதுவே ஒரு மரத்தின் கவட்டையில் விழுந்தால் கல்லத்தி மேலே முளைத்து, வேரைக் கீழே இறக்கி, கடைசியில் அந்த மரத்தையே மூடிவிடும்.

காற்று பற்றிக் கேட்டீர்கள். காட்டின் அடித்தளத்தில் காற்று இல்லை என்பது உண்மைதான், அதனால் மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டும் மரங்களும் உச்சி வரை ஏறும் கொடிகளும்தான் அதை நம்ப முடியும். வெப்பமண்டலக் காட்டு மர இனங்களில் பத்துக்கு ஏழு முதல் ஒன்பது வரை பறவையையும் விலங்கையும் நம்பித்தான் இருக்கின்றன என்று படித்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பனாமாவில் அகூட்டி என்று முயல் அளவில் ஒரு கொறிவிலங்கு உண்டு, விதையைப் பிறகு தின்பதற்காகப் புதைத்து வைக்கும், இன்னொரு அகூட்டி அதைத் திருடித் தோண்டி வேறு இடத்தில் புதைக்கும். விதைகளில் ரேடியோ கருவி கட்டிக் கண்காணித்தார்கள், 2012-இல் முடிவு வெளியானது. ஒரே விதை 36 முறை புதைக்கப்பட்டு, மொத்தம் 749 மீட்டர் அலைந்து, புறப்பட்ட இடத்திலிருந்து 280 மீட்டர் தள்ளி வந்திருந்தது. ஒரு காலத்தில் அந்த விதைகளைப் பெரிய யானை போன்ற விலங்குகள் சுமந்திருக்கலாம், அவை அழிந்த பிறகு இந்தத் திருட்டுதான் மரத்தைக் காப்பாற்றியது என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

பொள்ளாச்சிக்காரன்:
அருமை, இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். டோடோ பறவை அழிந்ததால் மொரிசியசில் ஒரு மரம் முளைக்காமலே போனது என்பார்களே, அது இதே கதையா? அப்புறம், பறவைகள் குறைந்த இடத்தில் நாமே விதைப்பந்து வீசினால் போதாதா? எங்கள் நண்பர்கள் குழு ஆயிரக்கணக்கில் செய்து வைத்திருக்கிறது.

நாற்றங்கால்:
டோடோ கதையை 1977-இல் ஸ்டான்லி டெம்பிள் என்பவர் எழுதினார், உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் டோடோ போன பிறகு முளைத்த இளைய மரங்களும் உண்டு, விதையும் பறவை வயிற்றுக்குள் போகாமலே முளைக்கிறது என்று பிறகு மற்றவர்கள் காட்டினார்கள். பழத்தைச் சுமந்தவற்றில் டோடோவும் இருந்திருக்கலாம், ஆனால் அது ஒன்றை மட்டுமே நம்பி அந்த மரம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

விதைப்பந்து பற்றி நேராகவே சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். புளி, வாகை போல மூட்டை கட்டி அடுத்த வருஷத்துக்கு வைக்க முடியாது. மண்ணில் உருட்டி வெயிலில் உலர்த்தினீர்கள் என்றால் வெள்ளைக்குங்கிலியம் போன்றவை அங்கேயே முடிந்தன. நான் தார்ச்சாலையில் விழுந்து வண்டியில் நசுங்கப்போகும் விதைகளைப் பொறுக்கி, ஈரம் போகாமல் கொண்டுவந்து, அந்த வாரமே விதைப்பேன். நிழலில் ஒன்றிரண்டு வருஷம் பையில் வளர்த்து, பருவமழை பிடித்ததும் நடுவோம். அப்படியும் எங்களால் தொட முடிவது சாலையோரமும் தோட்ட ஓரமும்தான். ஆள் போகாத சரிவில் ஒரு கொட்டையைக் கொண்டுபோய் வைக்க இருவாச்சி போன்ற பறவையால்தான் முடியும். அதற்குக் கூடு கட்டப் பொந்துள்ள முதிய மரம் வேண்டும், வருஷம் முழுக்கப் பழம் கிடைக்க அத்தி இனங்கள் வேண்டும். உங்கள் குழுவுக்கு நிஜமாகவே உதவும் எண்ணம் இருந்தால் உங்கள் பக்கத்தில் நிற்கும் பெரிய ஆல், அத்தி, கல்லால் ஒன்றையும் வெட்டவிடாமல் பாருங்கள், நூறு மூட்டைப் பந்தைவிட அதற்குப் பலன் அதிகம்.

உங்கள் இளமரத்தைப் படம் எடுத்தீர்களா? அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருவாச்சி உயரமான மரத்தில், மறைப்பில்லாத கிளையில் உட்காரத்தான் விரும்பும்.

பொள்ளாச்சிக்காரன்:
இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக அதன் மேலே ஒரு பெரிய கல்லத்தி, பக்கவாட்டில் இலையில்லாத ஒரு மொட்டைக் கிளை நீட்டிக்கொண்டு இருக்கிறது. அன்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.