பரந்தூர் மட்டுமா? ஏரியையும் சேர்த்துக் கொடுக்கும் நிலச் சட்டம் பற்றி

மதகடி எழுதியது:
சென்னைக்காகக் காஞ்சிபுரம் அருகே திட்டமிட்டிருக்கும் பரந்தூர் விமான நிலையம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதம் இல்லாமல் நிறைவேறியது. அன்றைக்கே நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவுக்குத் தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெற்றார். நிலச் சட்டத்துக்கு அந்தக் கொதிப்பு எழவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அதன்படி, 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு பரப்பை அரசு சிறப்புத் திட்டம் என்று அறிவித்தால், உள்ளே ஏரி, குளம், ஓடை இருந்தாலும் அந்த அரசு நிலத்தை மற்ற நிலத்தோடு சேர்த்துத் திட்டத்துக்குக் கொடுக்கலாம். பரந்தூரில் 13 கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் ஏறத்தாழ கால்வாசி நீர்நிலை. அவற்றில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் 2022 ஜூலை முதல் போராடுகிறார்கள். கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். இதற்கு மேல் ஓர் ஊர் எப்படித்தான் வேண்டாம் என்று சொல்வது?

கிண்டிவாசி எழுதியது:
ஊர்மக்களின் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மீனம்பாக்கத்தின் நிலையையும் பாருங்கள். இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்த வழியில்லை. ஒரு பக்கம் அடையாறு, மற்ற பக்கங்களில் குடியிருப்பும் மலையும் ராணுவ நிலமும். பெங்களூரும் ஹைதராபாத்தும் 2008இலேயே புதிய விமான நிலையம் திறந்துவிட்டன. பயணிகள் எண்ணிக்கையில் பெங்களூர் நம்மை எப்போதோ தாண்டிவிட்டது. சரக்குப் போக்குவரத்தில் வேலை செய்கிறேன். வரவேண்டிய தொழிற்சாலை ஓசூரைத் தாண்டிப் போய்விடும்போது அந்த இழப்பு எனக்குத் தெரிகிறது.

ஏரி இல்லாத இடம் பாருங்கள் என்பது எளிது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மூன்றுமே ஏரி மாவட்டங்கள். பன்னூரையும் பரிசீலித்துவிட்டுத்தான் பரந்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டமும் நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்றுதானே சொல்கிறது? 2025 ஜூனில் ஏக்கருக்கு 35 லட்சம் முதல் 2.57 கோடி ரூபாய் வரை விலை அறிவித்திருக்கிறார்கள். பலர் விருப்பத்தோடு பத்திரம் பதிந்து கொடுத்திருக்கிறார்கள்.

மதகடி எழுதியது:
கொள்ளளவு குறையாது என்பதை ஏரிப் பாசனம் தெரிந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள் நண்பரே. எங்கள் ஊர் அந்த 13இல் இல்லை. ஆனால் அதே மாவட்டம்தான், எங்களுடையதும் ஏரிப் பாசனம்தான். ஏரி என்பது வெறும் பள்ளம் இல்லை. வரத்துக் கால்வாய், கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், பாசனம் பெறும் ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்தது. மதகின் அடிமட்டம் வயலைவிட உயரத்தில் இருப்பதால்தான் நீர் பங்கிடும் ஊழியரான நீர்க்கட்டி மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாகப் பாய்கிறது. இருக்கும் ஏரியில் பாதியை மூடிவிட்டு மீதியை ஆழப்படுத்தினால் கணக்கில் கொள்ளளவு சரியாக வரும். ஆனால் மதகுக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வயலுக்கு வராது. மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். கடைமடைக்காரனுக்கு அதுவும் கிடைக்காது.

பெங்களூரைச் சொன்னீர்கள். அந்த விமான நிலையத்தின் பக்கத்திலேயே, தேவனஹள்ளி வட்டத்தில், 1,777 ஏக்கரை விண்வெளித் தொழிற்பூங்காவுக்கு எடுக்க முயன்றார்கள். விவசாயிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2025 ஜூலையில் கர்நாடக அரசு அந்தக் கையகப்படுத்தலைக் கைவிட்டது. அதையும் நம் ஊர் கற்றுக்கொள்ளலாம்.

வழக்காடி எழுதியது:
விலையைப் பற்றியே பேசினால் பிரச்சினையின் வேர் கண்ணில் படாது. மத்திய அரசின் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் மூன்று பாதுகாப்புகளைத் தந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் திட்டமென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாடு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களுக்கு இதிலிருந்து விலக்குப் பெற்றது. அவற்றில் ஒன்று 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். பரந்தூரில் பட்டா நிலத்தை எடுக்கப் பயன்படுவது இதுதான். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு, 2013 வரை பின்தேதியிட்டு, மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

இழப்பீட்டுத் தொகை 2013 சட்டத்தின் கணக்குப்படி வரும், அது உண்மை. ஆனால் அந்த மூன்று பாதுகாப்புகளும் போய்விட்டன. 1997 சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலேயே நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடும். பணம் அப்புறம். கூட்டுப் பட்டாவாக இருந்தால், வாரிசுகளுக்குள் ஒரு சிறு தகராறு இருந்தால் போதும், தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

ஒரகடத்தான் எழுதியது:
என் அப்பா நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தவர். நான் இன்று மாதச் சம்பளம் வாங்குவது அங்கே வந்த ஆலையில்தான். ஏரி நிரம்பாத வருடங்களில் எங்கள் வீட்டில் இருந்த கஷ்டம் எனக்குத் தெரியும். அதனால் நிலம் கொடுக்கவே கூடாது என்பவர்களோடு நான் இல்லை. கிண்டிவாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்று. எங்கள் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பட்டா இல்லை. அவர்கள் ஆடு மேய்த்த புறம்போக்கும் போய்விட்டது. அந்த வீட்டுப் பெண்கள் இப்போது எங்கள் ஆலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருக்கிறார்கள். சமூகத் தாக்க மதிப்பீடு இருந்திருந்தால் அவர்கள் பெயராவது ஒரு காகிதத்தில் ஏறியிருக்கும்.

முடிச்சூர்க்காரி எழுதியது:
இது கிராமத்துப் பிரச்சினை என்று நகரத்துக்காரர்கள் நினைக்க வேண்டாம். பரந்தூர்ப் பகுதி வழியாகப் போகும் கம்பன் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாறு. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. சேலைகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி மாமியாரை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். எங்களுடையது முறையாக அங்கீகாரம் பெற்ற மனை; முத்திரை வைத்த வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை ஏழைகளை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம். அங்கும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் குடிசை போட்டவனை வெளியேற்ற 2007 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் நீர்நிலையைத் திட்டத்தோடு சேர்த்துக்கொள்ள 2023இல் இன்னொரு சட்டம். இரண்டையும் ஒரே அரசு எப்படி நியாயப்படுத்துகிறது?

கிண்டிவாசி எழுதியது:
70 விழுக்காடு சம்மதம் என்றால் இந்த மாநிலத்தில் ஒரு சாலைகூடப் போட முடியாது. சேலம் எட்டு வழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். 2018இல் தொடங்கி, உயர் நீதிமன்றம் ரத்து செய்து, 2020இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தும் இன்றுவரை சாலை இல்லை. விமான நிலையம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூலிக்காரர் கணக்கும் வெள்ளக் கணக்கும் விடுபட்டிருப்பது தவறு. நீரியல் ஆய்வுக்கு அரசு அமைத்த குழுவின் அறிக்கையை முழுமையாக, தமிழில், அந்த 13 ஊர் கிராமசபைகளிலும் வைக்க வேண்டும். அதைக் கேட்டு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். சட்டத்தையே நீக்கு என்றால் போடமாட்டேன்.

மதகடி எழுதியது:
மனு தயாராகும். சட்டத்தை நீக்கக் கோரும் மனுவைத் தனியாக வைக்கிறேன், அதை விடப் போவதில்லை. வழக்காடி ஐயா, எங்கள் ஏரியைச் சுற்றி ஆறு மாதமாகக் கருவி வைத்து அளக்கிறார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. இப்போதே என்ன செய்யலாம்?

வழக்காடி எழுதியது:
கிராம 'அ' பதிவேட்டில் ஏரி, வரத்துக் கால்வாய், களம், மேய்ச்சல் நிலம் ஒவ்வொன்றின் புல எண்ணையும் பார்த்து நகல் வாங்கி வையுங்கள். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்ய இப்போதே மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்தபின் அது நகராது. அளப்பது எதற்காக என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். 1997 சட்டத்தின் 3(2) பிரிவின்படி அறிவிப்பு வந்தால், குறித்த கெடுவுக்குள் ஒவ்வொரு நில உரிமையாளரும் தம் பெயரில் தனியாக ஆட்சேபணை எழுத வேண்டும். ஊர் சார்பில் ஒரே மனு போதும் என்று இருந்துவிடாதீர்கள்.