ஈறில் ரத்தம்: கட்டக்கோரைப் பொடி தேய்க்கலாமா?

பாம்பன் மகள்:
அம்மா மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர். பல் தேய்த்தாலே ஈறில் ரத்தம், கீழ்ப்பற்களின் உள்பக்கம் மஞ்சளாகக் காரை. பாசிச் சத்து ஈறு நோய்க்கு நல்லது என்று வீடியோ பார்த்துவிட்டு, காயவைத்த கட்டக்கோரை என்ற கடற்பாசியைப் பொடித்துத் தேய்க்கப் போகிறேன் என்கிறார். சரியா?

பல் டாக்டர், ராமநாதபுரம்:
வேண்டாம்மா. ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் ஃபியூக்காய்டன், ஃபுளோரோடானின் என்ற பொருள்கள் உண்டு. ஈறு நோயின் முக்கியக் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸை இவை ஆய்வகத்தில் அடக்குகின்றன. ஆனால் அதெல்லாம் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த சாறு. வீட்டுப் பொடியில் மணலும் சிப்பித் தூளும் கிடக்கும், வீங்கிய ஈறைக் கீறிவிடும். காரை கல்லாகிவிட்டால் எந்தப் பொடிக்கும் அசையாது, கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? அது கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் ஆறாது.

தொண்டிக்காரன்:
பல்லுக்கென்று பாசி மாத்திரை விற்கிறார்களே டாக்டர்?

பல் டாக்டர், ராமநாதபுரம்:
அது வட அட்லாண்டிக்கில் வளரும் அஸ்கோஃபில்லம். அயோடின் உள்ள பாசி, தைராய்டு பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பாம்பன் மகள்:
சர்க்கரை இருக்கிறது டாக்டர். இந்த வாரமே பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

பல் டாக்டர், ராமநாதபுரம்:
நல்லது. சர்க்கரைச் சீட்டை மறக்காதீர்கள். பல்லுக்கு அச்சு எடுக்க நாங்கள் குழைக்கும் ஆல்ஜினேட் மாவும் பழுப்புப் பாசியிலிருந்து வருவதுதான். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.