பொருள்: ‘சீஸ்’ ஆன இன்ஜினுக்குத் தமிழ் – வியாழனுக்குள் வேண்டும்

கையேடு (திங்கள் காலை)

வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புக்காரர்களுக்கான மூன்று நாள் பயிற்சிக்கு 12 பக்கக் கையேடு ஒன்று தமிழாகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுக்க வாங்கி, வேலை முடிந்ததும் டேங்கில் பெட்ரோலோடு மூலையில் போட்ட செயின்சாக்கள்தான் பாடப்பொருள். படிக்கப்போகிறவர்கள் இன்ஜினை முதன்முறையாகப் பிரிப்பவர்கள்.

கயிற்றை இழுத்தால் வராது, பிஸ்டன் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை) அசையாது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் ‘சீஸ்’ (seize). வரைவில் ‘இறுகிய’ என்று போட்டதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்திருக்கிறது: “இறுகிய பிஸ்டனைத் தளர்த்தியபின் இறுகிய போல்ட்டுகளைக் கழற்றி, மீண்டும் இறுக்கவும்.” வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. சொல் தாருங்கள்.

புலவர் (திங்கள் பகல்)

சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது: பற்று. உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது, எனவே ‘பற்றுறுதல்’. விடுவிப்பது ‘பற்றறுத்தல்’. ‘பற்றுக பற்றற்றான் பற்றினை’ என்ற குறளில் ஒரே வேர் பெயராகவும் வினையாகவும் எதிர்மறையாகவும் நிற்கிறது. கலைச்சொல்லுக்கு வேண்டிய நெகிழ்ச்சி இதுவே. பற்றற்ற பிஸ்டனே ஓடும் பிஸ்டன்!

பட்டறை (திங்கள் பகல்)

ஐயா, பெட்ரோல் மெஷினுக்கு ‘பற்றிக்கொண்டது’ன்னு அச்சடிச்சுக் குடுத்தா, படிக்கிறவர் மணல் வாளியைத் தேடி ஓடுவார். பட்டறையில சொல்றது ‘பிஸ்டன் பிடிச்சிருச்சு’. இல்லைன்னா ‘சீஸ் ஆயிருச்சு’. ரெண்டும் எல்லாருக்கும் புரியும்.

அகராதி (திங்கள் மாலை)

> உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது

பற்றவைப்பு என்பது ஏற்கெனவே வெல்டிங்குக்குப் போய்விட்டது, புலவர் ஐயா. அடுப்பையும் பற்றவைக்கிறோம். மூன்றாவதாக ஒரு பொருளை அதன் தலையில் ஏற்ற வேண்டுமா?

புலவர் (திங்கள் மாலை)

அதனால்தான், அம்மா, பொருந்துகிறது! சூட்டில் பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டுவது ஒருவகைப் பற்றவைப்புத்தானே? ‘பற்று’ வேண்டாமென்றால் ‘சிக்கு’ இருக்கிறது. ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்கிறார் மணிவாசகர். எங்கும் எழுந்தருள முடியாத நிலை! ஆங்கிலச் ‘சீஸ்’ என்ற ஒலிக்கும் நம் ‘சிக்கு’க்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது.

அகராதி (திங்கள் இரவு)

ஆராய வேண்டியதில்லை. ‘சீஸ்’ பழைய பிரெஞ்சு வழி வந்தது. ஒலி ஒத்தால் உறவாகாது. ‘சிக்கு’ தலைமயிரிலும் நூலிலும் விழுவது, அதாவது சுற்றி மாட்டிக்கொள்வது. இங்கே சுற்றல் எதுவும் இல்லை.

யாழ் (செவ்வாய் காலை)

‘இறுகல்’ ஏன் கூடாது? சீமெந்து இறுகும், நட்டு இறுகும், பிஸ்ரனும் இறுகட்டும். எங்கட பக்கம் ‘எஞ்சின் இறுகிப்போச்சு’ எண்டால் ஒருத்தரும் குழம்பமாட்டினம். பிஸ்ரனுக்கும் எங்கட பாடநூல்களில ‘முசலம்’ எண்ட நல்ல சொல் இருக்கு. கையேட்டில ஏன் தமிழ் இல்லை?

புலவர் (செவ்வாய் காலை)

முசலம் என்பது உலக்கை. வடசொல். தமிழ் என்று சொல்லிக்கொண்டு வடசொல்லைக் கொண்டுவருகிறீர்களே!

யாழ் (செவ்வாய் காலை)

அப்ப ‘உலக்கை’ எண்டு போடுங்கோ ஐயா. உரலுக்குள்ள உலக்கை இறுகிப்போச்சு. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

பட்டறை (செவ்வாய் பகல்)

சொல்லுக்கு முன்னாடி ஒண்ணு. இதுக்கு ஒரே சொல் போட்டா கையேடே தப்பாயிரும். ‘அசையலை’ங்கறதுல மூணு சங்கதி இருக்கு. மூணுக்கும் வைத்தியம் வேற. ஒண்ணோட வைத்தியத்தை இன்னொண்ணுக்குப் பண்ணினா சிலிண்டர் குப்பைக்குத்தான்.

மொதல்ல, அது இன்ஜின்தானான்னு பாக்கணும். ஸ்டார்ட்டர் மூடியைக் கழட்டித் தனியா இழுத்துப் பாருங்க. கயிறு கப்பியில மாட்டியிருக்கலாம். அதுக்குப் பின்னாடி சுத்துற பிளைவீல் சக்கரத்தோட றெக்கைக்கு நடுவுல மரத்தூளோ குச்சியோ செருகியிருக்கலாம். பிளக்கைக் கழட்டிட்டுத் திருப்புங்க. சிலிண்டருக்குள்ள பெட்ரோல் நிரம்பி நின்னா பீச்சிக்கிட்டு வெளிய வந்துரும், இன்ஜின் சுத்தும். இதெல்லாம் சீஸே இல்லை.

அப்பவும் அசையலைன்னா சைலன்சரைக் கழட்டி, புகை போற துளையில டார்ச் அடிங்க. பிஸ்டனைச் சுத்தியிருக்குற ரிங்கு செம்பழுப்பா, பிஸ்டன் வெள்ளையாப் பூத்து, சுவர்ல புள்ளி புள்ளியா இருந்தா கிடந்து துருவேறினது. பிஸ்டன் மேல கீழா கோடு கோடாக் கீறி, சுவர்ல வெள்ளி பூசின மாதிரி ஈஷியிருந்தா ஓடும்போது சூட்டுல பிடிச்சது.

துருன்னா பொறுமை வேணும். பவர் ஸ்டியரிங்குக்கு ஊத்துற ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து, பிளக் துளையிலும் புகைத் துளையிலும் ஊத்தி ரெண்டு மூணு நாள் விடணும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், காத்தாட வைங்க. தினம் ஒரு தடவை பிளைவீல் நட்டுல ஸ்பேனர் வச்சு, இறுகுற பக்கமா மயிரிழை அசைச்சுப் பாருங்க. புகைத் துளையில ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினா துளை விளிம்பு உடையும், புது ரிங்கு அங்க மாட்டிக்கும். அப்பவும் வரலைன்னா சிலிண்டர் அடி போல்ட் நாலையும் எடுத்துட்டுத் திருப்புங்க. பிஸ்டனோட சிலிண்டரும் மேல ஏறும். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்குற ‘பின்’ தெரியுற அளவு வந்தா அதை உருவிட்டு, கவுத்து மரக்கட்டையால தட்டலாம். கனெக்டிங் ராடு மாட்டியிருக்கும்போது சுத்தியல் போட்டா ராடு வளையும்.

சூடுன்னா இந்த ஊறல் பாதிக்குத்தான் உதவும். ஒட்டின அலுமினியத்தை எடுக்கணும். கழிவறைக்கு விக்கிற ஆசிட்டை காதுப் பஞ்சுக் குச்சியில தொட்டு, வெள்ளிக் கோடு மேல மட்டும் தடவணும். கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூணும் கட்டாயம். நுரைக்கும். நுரை நின்னா அலுமினியம் தீர்ந்தது, அடியில இருக்குற நிக்கல் பூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். துடைச்சுத் துடைச்சுத் தடவியும் ஒரே எடத்துல நுரைச்சுக்கிட்டே இருந்தா பூச்சு போச்சு, சிலிண்டர் மாத்தணும். முடிஞ்சதும் சோடா உப்புத் தண்ணியில கழுவி ஆயில் தடவிரணும்.

பைக் பழக்கத்துல ‘போர் போட்டுக்கலாம்’னு, அதாவது சிலிண்டரை உள்ள கடைஞ்சு பெருசாக்கலாம்னு, லேத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்க. இரும்பு லைனருக்கு அது சரி. இது அலுமினியத்து மேல பூச்சு, கடைஞ்சா பூச்சே போயிரும்.

அகராதி (செவ்வாய் மாலை)

இது கையேட்டின் 12 பக்கத்தை விடத் தெளிவாக இருக்கிறது, அண்ணா. அப்படியானால் ஆங்கிலம் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதைத் தமிழ் பிரித்துக் காட்டலாம். பட்டறை வழக்கான ‘பிடி’யையே வேராக எடுப்போம். கழுத்து பிடித்துக்கொள்கிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, மருத்துவர்கள் ‘தசைப்பிடிப்பு’ என்று எழுதுகிறார்கள். அசைய வேண்டியது அசையாமல் நிற்பது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே: துருப்பிடிப்பு, சூட்டுப்பிடிப்பு. இடையில் ஏதாவது மாட்டியிருந்தால் புலவர் ஐயாவின் ‘சிக்கு’.

புலவர் (செவ்வாய் இரவு)

‘சிக்கு’க்கு இடம் தந்ததற்கு நன்றி. ஆனால் துருப்பிடிப்பு? கதவுத் தாழ்ப்பாளிலும் துரு பிடிக்கிறது, அது அசையாமலா போகிறது? இங்கே துரு பிடிக்கவில்லை, துருவால் பிஸ்டன் பிடித்தது. முன்னது எழுவாய்த் தொடர், வலி மிகாது: துரு பிடிப்பு. பின்னது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, வலி மிகும்: துருப்பிடிப்பு. இலக்கணப்படி வேறுபாடு இருக்கிறது. ஆனால் அதைக் காட்டுவது ஒற்றைப் பகர மெய்.

பட்டறை (செவ்வாய் இரவு)

ஒரு ‘ப்’புல பிஸ்டனைத் தொங்க விடாதீங்க ஐயா.

யாழ் (புதன் காலை)

துருவேறின தகரத்தையும் எல்லாரும் ‘துருப்பிடித்த’ எண்டு ஒற்றுப் போட்டுத்தான் எழுதினம். அந்த வேறுபாடு செத்து எத்தினையோ காலம். ‘துரு இறுகல், சூட்டு இறுகல்’ எண்டால் இந்தக் கரைச்சலே இல்லை.

கையேடு (புதன் காலை)

‘இறுகல்’ போல்ட்டோடு மோதுவதால்தான் இந்த இழையே தொடங்கியது. அடிப் போல்ட் நான்கையும் குறுக்குமறுக்காக இறுக்கச் சொல்லும் பக்கத்தில் அந்தச் சொல் ஏழு முறை வருகிறது.

இன்னொன்று: அட்டையில் ‘செயின்சா’வா, ‘சங்கிலி ரம்பம்’ஆ?

புலவர் (புதன் பகல்)

ஈர்வாள்! ‘உயிர் ஈரும் வாள்’ என்று குறளிலேயே இருக்கிறது. மரத்தை ஈர்வது ஈர்வாள். சங்கிலி ஈர்வாள்.

அகராதி (புதன் பகல்)

ஈர்வாள் அழகு. ஆனால் ஈர்ப்பு விசை, ஈர்ப்பான படம் என்று இழுக்கும் பொருளே இன்று முன்னே நிற்கிறது. மரத்தை இழுக்கும் வாள் என்று நினைப்பார்கள்.

தவிர, இந்தச் சங்கிலி ரம்பம் மாதிரி அறுப்பதும் இல்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946இல் வண்டுப் புழு ஒன்று தாடையை இடமும் வலமும் அசைத்து மரத்தைக் குடைவதைப் பார்த்து வடிவமைத்த பல் இது. இடப்பல், வலப்பல் மாறி மாறி வரும். ஒவ்வொன்றும் சீவல் சீவலாக எடுக்கும். முன்னால் உள்ள சின்ன மேடு எத்தனை ஆழம் சீவலாம் என்று தடுக்கும், பெரும்பாலும் 0.65 மி.மீ. வேலையில் இது ரம்பத்தை விட இழைப்புளிக்கு நெருக்கம்.

யாழ் (புதன் பகல்)

அப்ப ‘சங்கிலி இழைப்புளி’யோ? கடையில போய்க் கேட்டால் தச்சுக் கடைக்கு அனுப்புவினம். இன்னும் பின்னால போனால் முதல் சங்கிலி வாள் மரத்துக்கே செய்யேல்லை. 18ஆம் நூற்றாண்டின்ர கடைசியில ஸ்கொட்லாந்து வைத்தியர்கள் எலும்பு அரியச் செய்தது.

பட்டறை (புதன் மாலை)

எலும்பு வரைக்கும் போயாச்சு. கையேட்டுல ஒரு முக்கியமான பக்கம் இல்லையே, தம்பி? ‘ஏன் பிடிச்சது’ங்கற பக்கம். அது இல்லாமப் புதுப் பிஸ்டன் போட்டா மொத டேங்க்லயே மறுபடியும் பிடிக்கும்.

ஆயில் கலக்காத பெட்ரோல்னா கீறல் சுத்தி இருக்கும். புகைத் துளைப் பக்கம் மட்டும்னா பெட்ரோல் பத்தாம காத்து அதிகமாப் போயிருக்கு, இல்லைன்னா சிலிண்டர் றெக்கை தூள் அடைச்சுச் சூடு ஏறியிருக்கு. கார்புரேட்டர் பக்கம் சொரசொரன்னு தேஞ்சிருந்தா ஏர் ஃபில்டர் வழியாத் தூசி. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ரொம்ப நாள் நின்னா ஈரத்தை இழுத்து, தண்ணியும் எத்தனாலும் அடியில பிரிஞ்சு தங்கும். நாம கலக்குற டூ-டி ஆயில் மேல பெட்ரோலோட நிக்கும். டேங்க்ல உறிஞ்சுற ஃபில்டர் கெடக்குறது அடியில. அதனால பழைய பெட்ரோலைக் கீழ ஊத்திட்டுத்தான் மத்த வேலை.

மூடினப்புறம் காத்துச் சோதனை. புகைத் துளையையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பரால அடைச்சு, பிளக் துளையில 0.5 பார் அழுத்தத்துக்குக் காத்து ஏத்துங்க. மீட்டர் முள் இறங்கினா சோப்புத் தண்ணி தொட்டுக் குமிழி எங்கன்னு பாருங்க. பிளைவீலுக்குப் பின்னாடி ஆயில் சீல், இல்லைன்னா இன்டேக் ரப்பர். அப்புறம் 0.5 பார் உறிஞ்சியும் பாருங்க. சில சீல் ஊதும்போது தாங்கும், உறிஞ்சும்போது விடும். இந்தப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வச்சாலும் சரி.

கையேடு (புதன் இரவு)

சேர்த்துவிட்டேன், அண்ணா. 13 பக்கமாகிறது. ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலான இடைவெளி 25 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. என்ற கணக்கில், பயிற்சியில் உள்ள 45 மி.மீ. சிலிண்டருக்குக் குறைந்தது 0.18 என்று எழுதியிருக்கிறேன். பெட்ரோல்-ஆயில் கலவை 25:1, லிட்டருக்கு 40 மில்லி. மூலக் கையேடு 50:1 என்றாலும் எந்த ஆயில் கையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாததால் இப்படி.

சொல்: அட்டையில் ‘செயின்சா’. உள்ளே முதல் வரியில் ‘பிடிப்பு (சீஸ்)’. பிறகு ‘துருவால் பிடிப்பு’, ‘சூட்டால் பிடிப்பு’, ‘சிக்கு’. வேற்றுமை உருபை விரித்துவிட்டதால் ஒற்றுத் தகராறு இல்லை.

அகராதி (புதன் இரவு)

சம்மதம்.

புலவர் (வியாழன் காலை)

உருபை விரித்தால் அது தொடர், கலைச்சொல் ஆகாது. தொகையாக நிற்பதே கலைச்சொல்லுக்கு அழகு. அச்சு அவசரம் என்பதால் எதிர்க்கவில்லை.

யாழ் (வியாழன் காலை)

நான் எதிர்க்கிறன். ‘பிடிப்பு’ எண்டால் எங்களுக்கு ஒருவர் மேல உள்ள விருப்பம். இறுகல்தான் சரி. பதிவுக்காக.

பட்டறை (வியாழன் பகல்)

6ஆம் பக்கப் படத்துல, ‘பின்’னை நகராமப் பிடிச்சிருக்குற சர்க்கிளிப் வளையத்தோட வாய் பக்கவாட்டுல இருக்கு. மேல இல்லைன்னா கீழ பாத்து இருக்கணும், இல்லாட்டி ஓட்டத்துல எகிறிச் சிலிண்டரைக் கீறிரும். பிஸ்டன் தலையில அம்புக்குறி புகைத் துளைப் பக்கம்னு எழுதவே இல்லை. அச்சகத்துக்குப் போன் போடுங்க, தம்பி.