இசட் ஸ்கேன்: ஓப்பன் அபெர்ச்சர் வளைவு கோணலாக வருகிறது, அவசரம்!

கொப்புடையாள்துணை: காரைக்குடியில் எம்.எஸ்சி. புராஜெக்ட். கரிமச் சாயம் ஒன்றின் நேரியலற்ற உறிஞ்சலை, அதாவது ஒளிச்செறிவைப் பொறுத்து மாறும் உறிஞ்சலை, இசட் ஸ்கேனில் அளக்கிறேன்: சாயக் கரைசலை லேசர் குவியத்தின் ஊடே நகர்த்தி, கடந்து வரும் ஒளி முழுவதையும் (ஓப்பன் அபெர்ச்சர்) டிடெக்டரில் பிடிப்பது. குவியத்தில் ஒரே ஒரு பள்ளம்தானே வர வேண்டும்? எனக்கு முதலில் மேடு, அப்புறம் பள்ளம். மூன்று தடவை எடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமை ரிவ்யூ. யாராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்: என்ன லேசர்? பல்ஸா, தொடர் ஒளியா? பவர் எவ்வளவு? கரைசல் ஊற்றும் கண்ணாடிக் குப்பி, அதான் கியூவெட், எத்தனை மி.மீ. தடிமன்? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

செக்காலைக்காரன்: வோல்டேஜ்தான் தம்பி. மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில் ஃபேனே நொண்டும். ராத்திரி எடுத்துப் பார்.

ஒளியியல்_ஐயா: அடிப்படை தெரியாமல் ஸ்டேஜை நகர்த்தினால் இப்படித்தான். ஷேக் பஹாயி குழுவின் 1990 கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்துவிட்டு வாரும். மேடு, பின் பள்ளம் என்றால் எதிர்க்குறி நேரியல்பிலா ஒளிவிலகல்.

கொப்புடையாள்துணை: மன்னிக்கவும் சார். 532 நா.மீ. பச்சை டையோடு லேசர், தொடர் ஒளி, 50 மி.வா. கற்றை விட்டம் 2 மி.மீ., லென்ஸின் குவியத் தூரம் 10 செ.மீ. கரைப்பான் டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு). கியூவெட் யு.வி. நிறமாலை எடுக்கும் அதே 1 செ.மீ. டிடெக்டர் 30 செ.மீ. தள்ளி, அதற்கு முன்னால் லென்ஸ் இல்லை.

பள்ளத்தூரான்: அங்கேதான் இடிக்கிறது. குவியத்தில் கற்றையின் ஆரம் சுமார் 17 மைக்ரான், கற்றை அதிகம் விரியாமல் ஒடுங்கியிருக்கும் தூரமான ராலே நீளம் 1.7 மி.மீ.தான் வரும். மாதிரி அதைவிட மெல்லியதாக இருந்தால்தான் வழக்கமான சூத்திரம் செல்லும். உங்களுடையது ஆறு மடங்கு தடிமன். 1 மி.மீ. கியூவெட் எங்காவது கடன் வாங்குங்கள். இன்னொன்று, தொடர் ஒளியில் கரைசல் சூடாகும், சூடான இடத்தில் ஒளிவிலகல் எண் குறையும், அதுவே குழிலென்ஸாகிக் கற்றையை விரிக்கும். விரிந்த ஓரம் டிடெக்டருக்கு வெளியே போனால் உங்கள் ‘ஓப்பன்’ பாதி ‘குளோஸ்டு’, அதாவது நடு ஒளியை மட்டும் பிடிக்கும் அளவீடு; ஐயா சொன்ன மேடு-பள்ளம் அதில்தான் வரும். டிடெக்டர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள்.

செக்காலைக்காரன்: ஸ்டெபிலைசர் போட்டாயா?

ஆத்தங்குடி_ஓடு: அண்ணே, மேடும் பள்ளமும் மூன்று தடவையும் ஒரே இடத்தில் வருகின்றன. வோல்டேஜ் அப்படிக் கணக்குப் பார்த்தா இறங்கும்?

ஒளியியல்_ஐயா: சூடாகிறதென்றால் சாயம் 532-இலேயே உறிஞ்சுகிறது. பள்ளம் வந்தவுடன் ‘இரு ஃபோட்டான் உறிஞ்சல்’, மூலக்கூறு ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டானை உறிஞ்சுகிறது, என்று எழுதிவிடாதீர். ஏற்கெனவே ஒளி வாங்கிக் கிளர்ந்த மூலக்கூறு மறுபடி உறிஞ்சும் கிளர்நிலை உறிஞ்சலாகவும் இருக்கலாம். அப்புறம், ‘நேரியலற்ற’ தவறு. ‘நேரியல்பிலா’.

ஆத்தங்குடி_ஓடு: பையன் வளைவு கேட்டு வந்தான், நீங்கள் அகராதி போடுகிறீர்கள்.

ஒளியியல்_ஐயா: சொல் பிசகினால் பொருளும் பிசகும்.

ஆத்தங்குடி_ஓடு: ‘பிசகும்’ மட்டும் எந்த அகராதி ஐயா?

கொப்புடையாள்துணை: தாள் பிடித்தேன். குவியத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பச்சைப் பொட்டு ஒரு நொடியில் வளையம் வளையமாக விரிந்தது, மேல்பக்கம் மட்டும் தட்டையாக. டிடெக்டர் விளிம்பைத் தாண்டிவிட்டது. நேற்று ராத்திரி 1 மி.மீ. கியூவெட், 10 மி.வா., டிடெக்டர் முன் பெரிய லென்ஸ் வைத்து எடுத்தேன். மேடு போச்சு, பள்ளம் மட்டும். நன்றி அண்ணே.

பள்ளத்தூரான்: மேல்பக்கத் தட்டை, சூடான திரவம் மேலே ஏறுவதால் வருவது. வெறும் டி.எம்.எஃப். வைத்து ஒரு தடவை ஓட்டினீர்களா? பவரை மாற்றிப் பார்த்தீர்களா?

பள்ளத்தூரான்: தம்பி?

செக்காலைக்காரன்: ராத்திரி எடுத்தான் பாருங்கள். நான் அப்போதே சொன்னேன்.