ஸ்டிக்கர் ஒட்டின வண்டி

குழு: பெருந்துறை வீடு 🏡
23 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை

*காலை 9:12*

மீனா: 📷 படம்

மீனா: மிச்சிகன்ல ஐ-96 ஹைவேல மில்ஃபோர்டு எக்ஸிட் தாண்டினதும் இந்தக் கார் எங்களுக்கு முன்னாடி போச்சு. உடம்பு பூரா கருப்பு வெள்ளைல சுருள் சுருளா ஸ்டிக்கர். இவரு ஓட்டிக்கிட்டே "எடு எடு"ன்னு கத்தினதுல கை ஆடிருச்சு

அத்தை: கார் மேல யாரு கோலம் போட்டது

பிரபு: அண்ணி!!! இது புது போல்ட்!!! ஷெவர்லே எலக்ட்ரிக் கார்!!!

பிரபு: கோலம் இல்லீங்க அத்தை, வெளிய விடாத வண்டிய ஓட்டிப் பாக்கும்போது இப்படி ஒட்டுவாங்க. வளைவு எங்க, கோடு எங்கன்னு கேமராவுக்குத் தெரியாது. மில்ஃபோர்டுலதான் அதைப் பண்ற ஜிஎம் கம்பெனியோட டெஸ்ட் டிராக் இருக்கு

செந்தில்: நானும் அதான் நெனச்சேன். உயரம் பழைய போல்ட் ஈயூவி மாதிரியே இருந்துச்சு

பிரபு: பின்பக்கக் கண்ணாடி சாய்வு பாருங்க. டெயில் லைட் மட்டும் மாத்திருக்கான். கதவு அப்படியே பழசு. 2023 ஜூலைல ஜிஎம் தலைவி மேரி பாரா "போல்ட் திரும்ப வருது"ன்னு சொன்னதுல இருந்து நான் காத்துக்கிட்டிருக்கேன்

அம்மா: ரெண்டு வருசமாவா. பொண்ணு பாக்கறதுக்கு இந்தப் பொறுமை இல்லையே கண்ணு உனக்கு

பிரபு: 🙏

*9:31*

பிரபு: படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். டிரைவர் பக்கம் முன் சக்கரத்துக்கு மேல ஒரு மூடி தெரியுது. சார்ஜ் போடற இடம் அங்கதான. டெஸ்லா ப்ளக்தான் வரும்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க, இனி அடாப்டர் தேட வேண்டாம்

அத்தை: தம்பி, கீழ வலது பக்கம் சைலன்சர் மாதிரி ஒண்ணு தொங்குதே

அத்தை: எலக்ட்ரிக் வண்டிக்கு சைலன்சர் எதுக்கு

மீனா: 😂😂😂

செந்தில்: அய்யோ ஆமா

பிரபு: நிழலா இருக்கும்

அத்தை: நிழல்ல புகை வருமா

*9:48*

குமரேசன் மாமா: இப்பத்தான் பாத்தேன். அது ஏதோ பெட்ரோல் வண்டி. 26 வருசம் பார்ட்ஸ் கம்பெனில குப்பை கொட்டினவன் எனக்கே தெரியல, உங்க அத்தைக்குத் தெரிஞ்சிருச்சு.

குமரேசன் மாமா: ஆனா பிரபு சொன்னதுல ஒண்ணு சரி. புது போல்ட் வந்தாலும் பாடி பெருசா மாறாதுன்னுதான் நானும் நெனைக்கறேன். புதுசா அச்சு அடிக்கறதுலதான் காசு கரையும். விலையைக் கொறைக்கணும்னா கதவு, கூரை எல்லாம் பழசையே வச்சுக்கிட்டு பேட்டரியும் சார்ஜ் வேகமும் மட்டும் மாத்துவான்.

பிரபு: எல்எஃப்பி பேட்டரிதான மாமா?

குமரேசன் மாமா: ஆமா. இரும்பும் பாஸ்பேட்டும். நிக்கல், கோபால்ட் கிடையாது, அதனால விலை கம்மி. தீப்பிடிக்கற பயமும் கம்மி. தினமும் 100 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம். ஆனா அதே கரண்ட்டை வைக்க எடை கூடும், நம்ம ஊர் ஜனவரிக் குளிர்ல சார்ஜ் ஏற மொரண்டு பிடிக்கும்.

குமரேசன் மாமா: இந்த மாசம் பேப்பர்ல பாத்தீங்களா, முதல்ல கொஞ்ச நாள் சீனாவுல சிஏடிஎல்ங்கற பேட்டரி கம்பெனி கிட்ட செல் வாங்கப் போறாங்களாம். டென்னசில ஸ்ப்ரிங் ஹில் ஃபேக்டரி எல்எஃப்பிக்கு மாறவே 2027 கடைசி ஆயிரும். முன்னாடின்னா சீனா செல் போட்டா 7,500 டாலர் வரிச்சலுகை போயிரும்னு பயம். இப்ப சலுகையே போகப்போகுது, அப்புறம் என்ன பயம்.

அப்பா: 🎤 குரல் பதிவு (0:41)

மீனா: மாமா, ரெண்டு தடவை கேட்டேன். சீரியல்ல யாரோ அழற சத்தம்தான் கேக்குது

அப்பா: சலுகை ஏன் போகுது

செந்தில்: ஜூலை 4ம் தேதி புதுச் சட்டத்துல ட்ரம்ப் கையெழுத்துப் போட்டாருப்பா. செப்டம்பர் 30 ஓட முடியுது. புது வண்டிக்கு 7,500, பழைய வண்டிக்கு 4,000, அப்புறம் ரெண்டுமே இல்ல

செந்தில்: அதான் என் தலைவலியே. சொல்லாம இருந்தேன், இப்ப சொல்லிடறேன். பக்கத்துல ஒரு டீலர்கிட்ட 2023 ஈயூவி நிக்குது. 19,500 டாலர், 31,000 மைல். 4,000 கழிச்சா 15,500. புதுசுக்குக் காத்திருக்கறதா, இதை எடுக்கறதா?

பிரபு: காத்திருங்கண்ணா!!

மீனா: எனக்கே இப்பத்தான் தெரியுது 🙂

செந்தில்: சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்ம்மா

*10:20*

பிரபு: அண்ணா பழைய போல்ட்டோட ஒரே வியாதி ஃபாஸ்ட் சார்ஜ். உச்சமே 55 கிலோவாட். நான் கான்சஸ்ல இருந்து சிகாகோ போனா 500 மைலுக்கு மேல. வழில ஒவ்வொரு எடத்துலயும் ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்து என்ன பண்றது, பரோட்டாவா கெடைக்கும்?

குமரேசன் மாமா: அது உனக்கு. செந்தில் ஆன் ஆர்பர் போய்ட்டு வர எவ்வளவு?

செந்தில்: 54 மைல்

குமரேசன் மாமா: ஈயூவி 247 மைல் ஓடும்னு ஒட்டிக் குடுத்திருக்கான். ஜனவரில மூணுல ஒரு பங்கு போச்சுன்னே வை. 160. ஆபீஸ் போயி, வந்து, வர்ற வழில தமிழ்ப் பள்ளிக்குப் போயும் பாதிக்கு மேல மிச்சம் இருக்கும். ராத்திரி வீட்ல 240 வோல்ட்ல மாட்டினா காலைல ஃபுல். ஃபாஸ்ட் சார்ஜர் பக்கம் நீ எதுக்குப் போற?

பிரபு: லாங் ட்ரிப்புக்கு?

மீனா: அதுக்கு சியன்னா வேன் இருக்கு. ஆறு பேரு, ரெண்டு குக்கர், ஒரு கிரைண்டர் எல்லாம் போல்ட்ல ஏறாது

அப்பா: பேட்டரி தீப்பிடிச்ச வண்டிதான இது. யூட்யூப்ல பாத்தேன்

குமரேசன் மாமா: அது பழைய கதைங்க மச்சான். எல்ஜி செல்லுக்குள்ள ரெண்டு தப்பு ஒண்ணா அமைஞ்சா பிடிச்சுது. ஒரு தகடோட முனை கிழிஞ்சிருக்கும், நடுவுல இருக்கற படலமும் மடிஞ்சிருக்கும். 2021 ஆகஸ்ட்ல மொத்த போல்ட்டையும் திரும்பக் கூப்பிட்டாங்க. பக்கத்து வண்டில இருந்து 50 அடி தள்ளி நிறுத்துன்னு கூட சொன்னாங்க. 2017ல இருந்து 2022 மாடல் வரைக்கும்தான் அது. இவன் பாக்கறது 2023.

குமரேசன் மாமா: என்னோடது 2019. 60 கிலோவாட்-அவர் பேட்டரிய எடுத்துட்டு 66 போட்டுக் குடுத்தாங்க, புதுசா 8 வருச வாரண்டியோட. 238 மைல் ஓடின வண்டி அப்புறம் 259. வாங்கும்போது இருந்ததைவிட வயசானப்புறம் அதிகமா ஓடற வண்டிய வேற எங்க பாத்தீங்க.

அத்தை: உங்க முழங்கால் ஆபரேசன் மாதிரி

*10:41*

பிரபு: சரி மாமா, ஆனா புதுசு 30,000க்குள்ள வந்துட்டா?

குமரேசன் மாமா: வரணும். ஜிஎம்மோட இன்னொரு எலக்ட்ரிக் வண்டி ஈக்வினாக்ஸ் ஈவியே 35,000 கிட்ட ஆரம்பிக்குது, அதுக்குக் கீழ நிறுத்தலேன்னா போல்ட் எதுக்கு? ஆனா எனக்கு வேற சந்தேகம். ஜிஎம்மோட ஃபேர்ஃபேக்ஸ் ஃபேக்டரி உன் வீட்டுக்குப் பக்கம்தானடா?

பிரபு: 20 மைல். மாலிபு கார் பண்ணிட்டிருந்த ஃபேக்டரி. போன நவம்பர்ல மாலிபு நின்னுச்சு, ஜனவரில கேடிலாக் எக்ஸ்டி4 நின்னுச்சு. இப்ப போல்ட்டுக்கு மெஷின் மாத்தறாங்க. வருசக் கடைசில ஆரம்பம்

குமரேசன் மாமா: அதே ஃபேக்டரில 2027 நடுவுல பெட்ரோல் ஈக்வினாக்ஸ் பண்ணப் போறதா ஜூன்ல சொல்லிட்டான். பெட்ரோல் வண்டி உள்ள வந்தா போல்ட் எத்தனை நாள் தாங்கும்? இது என் ஊகம்தான். ஆனா ஆர்டர் போடறவன் சீக்கிரம் போடணும். நீ போடு. நெடுந்தூரம் ஓட்டற உனக்குத்தான் அந்த வண்டி.

பிரபு: நிசான் லீஃபும் மாறி வருது மாமா, 303 மைல், அதுலயும் டெஸ்லா ப்ளக்

குமரேசன் மாமா: ஜப்பான்ல இருந்து வரணும், இறக்குமதி வரி இருக்கு. விலை போடட்டும், பாப்போம்.

மீனா: எனக்கு ஒரே கேள்வி. ரெண்டுல எதுல என் ஃபோனைக் கார் ஸ்க்ரீன்ல காட்டற கார்ப்ளே வரும்?

பிரபு: பழசுல வரும் அண்ணி, ஒயர் இல்லாமயே. புது ஈவி எதுலயும் அதை வைக்க மாட்டோம்னு ஜிஎம் 2023லயே சொல்லிட்டான். கூகிள் உள்ளயே இருக்கும்

மீனா: அப்ப பழசு. முடிஞ்சுது பேச்சு

செந்தில்: 😅 மாமா ஒரு மணி நேரம் சொன்னது வேஸ்ட்

குமரேசன் மாமா: செந்தில், 4,000 எல்லாருக்கும் வராது. ஜோடியா வரி கட்டினா வருமானம் 1,50,000க்குள்ள இருக்கணும். போன வருசமோ இந்த வருசமோ, ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்.

செந்தில்: போன வருசம் மீனா படிச்சிட்டிருந்தா மாமா, அதனால உள்ள வருது

குமரேசன் மாமா: டீலர்கிட்டதான் வாங்கணும், தனி ஆள்கிட்ட வாங்கினா கிடையாது. இதுக்கு முன்னாடி அந்த வண்டி வேற யாருக்காவது பழசா வித்து சலுகை எடுத்திருந்தா மறுபடி வராது. நம்பரைப் போட்டுப் பாத்துத் தரச் சொல்லு. அந்தச் சீட்டைக் கையில வாங்காம பணம் கட்டாத.

அம்மா: புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அன்னிக்குப் போய் எடு சாமி

செந்தில்: சரிம்மா. நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன். மாமா நீங்களும் வாங்க

குமரேசன் மாமா: வர்றேன். ப்ளக் எங்க போடப்போற? ஃப்யூஸ் பாக்ஸ்ல இருந்து எத்தனை அடி? கராஜை ஒரு படம் எடுத்துப் போடு.

*11:06*

குமரேசன் மாமா: செந்தில்?

*11:19*

மீனா: 📷 படம்

மீனா: அவரு போட மாட்டாரு, நான் போடறேன்

அத்தை: அம்மாடி

பிரபு: அண்ணா அது 2022ல நான் வந்தப்ப வாங்கின ட்ரெட்மில்லா? பெட்டி கூட பிரிக்கல?

மீனா: அதுக்குப் பின்னாடி கொலு படி. அதுக்குப் பின்னாடி பழைய வீட்டு சோபா. அதுக்கும் பின்னாடி என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது

குமரேசன் மாமா: ஃப்யூஸ் பாக்ஸ் எங்கடா?

செந்தில்: சோபாவுக்குப் பின்னாடி மாமா

குமரேசன் மாமா: நாளைக்கு வண்டி பாக்கறது அப்புறம். காலைல 8 மணிக்கு கையுறையோட வர்றேன். சோபாவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு பிடிக்கணும், யாரு வர்றீங்க?

பிரபு: நான் கான்சஸ்ல இருக்கேன் மாமா 🏃