நாய்க்கு உண்ணி எடுத்த பிறகு காய்ச்சல்: டெங்குவா, வேறு ஏதாவதா?

தேனி_செல்வி:
வீட்டுக்காரருக்கு இன்றோடு நாலு நாள் காய்ச்சல், 103 வரை ஏறுகிறது. தலைவலி தாங்கவில்லை என்கிறார். டெஸ்டில் டெங்கு இல்லை என்று வந்தது, ஆனால் தட்டணு (பிளேட்லெட்) 85,000-ஆகக் குறைந்திருக்கிறது. காலையில் மணிக்கட்டில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். போன வாரம் எங்கள் நாய் மணிக்கு உண்ணி பிடுங்கி நகத்தாலேயே நசுக்கினார். அதனால் இருக்குமா? திங்கள் வரை பார்க்கலாமா?

பாளை_அம்மா:
பார்க்க வேண்டாம் செல்வி, இப்போதே கிளம்புங்கள். என் பையனுக்கு எட்டு வயதில் இப்படித்தான். டெங்கு என்று ஓர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாய் வளர்க்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஆறாம் நாள் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் புள்ளி. காது மடல் கறுக்க ஆரம்பித்தது. வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உள்ளங்காலைப் பார்த்ததுமே அந்த டாக்டர் கேட்டது, "வீட்டில் நாய் உண்டா?"

நாய் உண்ணியிலிருந்து வரும் ரிக்கெட்சியா கிருமி ரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுக்கும் என்றார். ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அன்றே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். பல் கறையாகுமோ என்று பயந்தேன். சில நாள் மட்டும் கொடுத்தால் கறை படியாது என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. காது நுனித் தழும்பு இன்னும் இருக்கிறது.

பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் பொடிப்பூச்சி கடித்து வருவது. அதற்கு சிகரெட் சுட்டது போல் கறுப்புப் புண் தேடுவார்கள். நாய் உண்ணிக் காய்ச்சலில் பல பேருக்கு அந்தப் புண் தென்படாது, புண் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மூத்திரம் குறைந்தாலோ நேரே ஐசியு உள்ள இடத்துக்குப் போங்கள். நுழைந்ததும் நாய், உண்ணி, எடுத்த தேதி எல்லாம் சொல்லுங்கள்.

தேனி_செல்வி:
அக்கா, அன்றைக்கே அட்மிட் செய்தோம். நாய் என்றதும் டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டார்கள். இன்று 99. மாமியார் மணியை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்.

கால்நடை_மருந்தகம்:
விடாதீர்கள். உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை வைத்திருக்கும். நாய் இல்லாவிட்டால் மனிதரைத் தேடி வரும். மணியை எடை போட்டு கால்நடை மருத்துவரிடம் உண்ணி மாத்திரை வாங்குங்கள், சுவருக்கும் மருந்தடியுங்கள். பூனை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், சில நாய் மருந்து அதற்கு விஷம். இனி உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டி ட்வீசரால் பிடித்து நேராக இழுங்கள்.